கை பேசும் பாஷை

ஸ்ரீவைகுண்டத்துக்குப் பேசாத குழந்தைகள் புதியவர்கள் அல்லர். தாமிரபரணிக் கரையிலுள்ள இந்த ஊரில் பதினேழாம் நூற்றாண்டில் அவதரித்த குமரகுருபர சுவாமிகள், ஐந்து பிராயம் வரையில் வாய் திறந்து ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். பெற்றோராகிய சண்முக சிகாமணிக் கவிராயரும் சிவகாமசுந்தரி அம்மையாரும் குழந்தையைத் திருச்செந்தூர் முருகன் சந்நிதிக்கு எடுத்துச் சென்று விரதமிருந்தார்கள்; வாய் திறந்த பிள்ளை எடுத்த எடுப்பிலேயே கந்தர் கலிவெண்பாவைப் பாடியது என்பது வரலாறு. ஆற்றின் போக்கிலே இன்னும் சிறிது தூரம் சென்றால் ஆழ்வார்திருநகரி. அங்கே அவதரித்த நம்மாழ்வார் பிறந்தபோது அழவும் இல்லை, பாலுண்ணவும் இல்லை. பதினாறு ஆண்டுகள் புளியமரத்தடியில் மௌனமாக வீற்றிருந்தார். மதுரகவிகள் வந்து ஒரு கேள்வி கேட்ட பிறகே வாய் மலர்ந்தார் என்று குருபரம்பரைக் கதைகள் கூறும்.

மகான்களின் சரித்திரத்தை வைத்திய புத்தகத்தோடு ஒட்டிப் பார்த்து, 'அவருக்கு இன்ன குறை' என்று சீட்டு எழுதுவது நம் நோக்கம் அன்று. அது பக்திக்கும் அழகல்ல, வைத்தியத்துக்கும் அழகல்ல. ஆனால் இந்த இரண்டு கதைகளையும் கேட்டு வளர்ந்த தாய்க்கு, நான்கு வயதாகியும் பேசாத குழந்தை ஒன்று வீட்டில் இருந்துவிட்டால், அவள் மனம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. செந்தூரானுக்கு நேர்ந்துகொள்வாள். 'குமரகுருபரரே ஐந்து வயதில்தானே பேசினார்' என்று சுற்றத்தார் ஆறுதல் சொல்வார்கள். ஆறுதல் நல்லதுதான். ஆயினும் வாய் எப்போது திறக்கும் என்று வீடு முழுவதும் காத்துக்கொண்டிருக்கும் அந்தக் காலத்திலேயே, குழந்தையின் கைகள் நாள் தவறாமல் எதையோ பேசிக்கொண்டிருக்கின்றனவே, அவற்றை யார் கவனிக்கிறார்கள்? இந்த வாரம் அந்தக் கைகளைப் பற்றித்தான் நேயர்களுடன் சிறிது பேச விரும்புகிறோம்.

ஆட்டிசம் என்ற சொல் இன்று நம் குடும்பங்களில் ஓரளவு பழக்கமாகிவிட்டது. மதியிறுக்கம் என்று தமிழில் எழுதுவோரும் உண்டு. இது தொற்று நோய் அல்ல. தாய் தந்தையர் வளர்த்த முறையால் வந்த குற்றமும் அல்ல. மூளையின் வளர்ச்சிப் போக்கிலேயே அமைந்துவிட்ட ஒரு வேறுபாடு. பிறரோடு பேசிப் பழகுவதில் தனிப் போக்கு, பழகிய ஒழுங்கு மாறினால் பெருங்கலக்கம், ஒலி ஒளி ஸ்பரிசம் ஆகியவற்றை மற்றவர்களைவிட மிகையாகவோ குறைவாகவோ உணர்தல், சில அசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்தல் என்பவை இதன் முக்கிய லக்ஷணங்கள். இவற்றுள் ஊரார் கண்ணில் முதலில் படுவது கடைசியாகச் சொன்னதுதான். இரண்டு கைகளையும் பறவை சிறகடிப்பதுபோல் உதறுதல், விரல்களைக் கண்ணுக்கு நேரே ஆட்டிப் பார்த்தல், முன்னும் பின்னும் அசைதல், நின்ற இடத்திலேயே குதித்தல், சுற்றிச் சுற்றி வருதல், ஒரே ஒலியை முணுமுணுத்தல் என்று இது பல விதம். ஆங்கிலத்தில் இதை 'ஸ்டிம்மிங்' என்கிறார்கள். தன்னைத் தானே தூண்டிக்கொள்ளும் அசைவு என்பது கருத்து.

நம் நாட்டில் இத்தகைய குழந்தைகளைக் குறிக்கப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று ஒரு பெயர் அரசாங்க ஏடுகளில் வழங்கிற்று. பெயர் வைத்தவர்களின் நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கும். ஆனால் உண்மை பெரும்பாலும் இதற்கு நேர் எதிரானது. புற உலகம் அந்தக் குழந்தையை வந்து எட்டவில்லை என்பதல்ல; அளவுக்கு மீறி வந்து மோதுகிறது என்பதே பல சமயங்களில் விஷயம். நமக்குக் காதில் விழுந்தும் விழாததுபோல் இருக்கும் மின்விசிறியின் இரைச்சல் அதற்குப் பேரிரைச்சலாக இருக்கலாம். அவ்வாறு மோதும் உலகத்தின் நடுவே ஒரு பிடிப்பைத் தேடிக்கொள்ளும் வழியே பல வேளைகளில் இந்த அசைவு.

இதில் நாமும் அந்தக் குழந்தையும் அடியோடு வேறு ஜாதி என்று எண்ணிவிடக் கூடாது. திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கும் பெரியவரின் கால் தானாக ஆடிக்கொண்டிருக்கிறது. பரீக்ஷைக்குப் படிக்கும் பையன் பேனாவைக் கடிக்கிறான். பாடசாலையில் பிள்ளைகள் முன்னும் பின்னும் அசைந்து அசைந்துதான் பாடத்தை உருப்போடுகிறார்கள். மனம் சரியில்லாதபோது ஊஞ்சலில் போய் உட்காராத வீட்டுப் பெண்மணி யார்? பிரசவ அறையின் வாசலில் காத்திருக்கும் தகப்பனார் இங்குமங்கும் நடக்கிறார். யாரும் அவரைப் பிடித்து உட்கார வைத்து, 'ஏன் இப்படி நடக்கிறாய்?' என்று அதட்டுவதில்லை. மனத்தில் உள்ளது காலில் தெரிகிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஊர் ஒப்புக்கொண்ட அசைவுகளாதலால் இவை நம் கண்ணில் படுவதில்லை. அந்தக் குழந்தையின் அசைவு கொஞ்சம் அதிகம். ஊர் ஒப்புக்கொள்ளாத ரகம். வித்தியாசம் பெரும்பாலும் அவ்வளவுதான்.

மனநிலைக்கும் இந்த அசைவுக்கும் உள்ள சம்பந்தம் புதிதாகக் கண்டுபிடித்ததும் அன்று. 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர் லியோ கான்னர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் இந்தத் துறைக்கு அஸ்திவாரம். அதில் முதலாவதாகக் கூறப்படும் பையன் டொனால்ட். கையில் அகப்பட்ட உருண்டைப் பொருளையெல்லாம் பம்பரம்போல் சுழற்றிவிடுவான்; அது சுழல்வதைப் பார்த்துப் பரவசமாய்க் குதிப்பான். நடுவில் யாராவது தடுத்தால் ஆத்திரம் பொங்கிவிடும். ஆகவே, முதற்கட்டுரையிலேயே அசைவும் ஆனந்தமும் பக்கத்தில் பக்கத்தில் பதிவாகியிருக்கின்றன. அந்த டொனால்ட் டிரிப்லெட் பிற்காலத்தில் தம் சொந்த ஊர் பாங்கியில் வேலை பார்த்து, கார் ஓட்டி, கோல்ப் விளையாடி, பல தேசங்களைச் சுற்றிப் பார்த்து, 89-ஆம் வயதில் 2023-இல் காலமானார். ஊரார் அவரைத் தம்மில் ஒருவராக ஏற்றுக்கொண்டதே அவர் பெற்ற பாக்கியம் என்று அவர் சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

ஆனந்தம் ஒரு பக்கம். கலக்கம் மறுபக்கம். இங்கிலாந்தில் ஹட் என்ற ஆராய்ச்சித் தம்பதியர் 1965-இல் ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதினார்கள். வெறும் அறையில் குழந்தையை விட்டபோது அசைவு குறைவாக இருந்தது. அறையில் பொருள்களும் மனிதர்களும் கூடக் கூட அசைவும் கூடிற்று. அதாவது, புறத்திலிருந்து வந்து தாக்குவது மிகுந்தால், அகத்தைச் சமன் செய்யக் கை கால்கள் வேலை செய்யத் தொடங்குகின்றன. எல்லா அசைவுக்கும் இந்த ஒரு காரணந்தான் என்று இன்று யாரும் சாதிப்பதில்லை. ஆயினும் சந்தைக் கூட்டத்தில் குழந்தையின் கை ஏன் வேகமாக உதறுகிறது என்பதற்கு இது நல்ல விளக்கமே.

டாக்டர்கள் சொன்னது கிடக்கட்டும். அனுபவித்தவர்களைக் கேட்க வேண்டாமா? 2019-ஆம் ஆண்டில் ஸ்டீவன் காப் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் ஆட்டிசம் உள்ள 32 பெரியவர்களிடம் இதைப் பற்றியே கேட்டு வெளியிட்டார்கள். காப் அவர்களும் ஆட்டிசம் உள்ளவரே. உள்ளத்தில் உணர்ச்சியோ எண்ணமோ கரை புரண்டு வரும்போது அதை ஆற்றிக்கொள்ளவும், வெளியே தெரிவிக்கவும் இந்த அசைவு தங்களுக்கு உதவுகிறது என்றும், இதை அடியோடு ஒழிக்கும் சிகிச்சை தங்களுக்கு வேண்டாம் என்றும் அவர்கள் கூறினார்கள். கால்நடை விஞ்ஞானத்தில் பேராசிரியையாகப் புகழ் பெற்ற டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கப் பெண்மணி, சிறு வயதில் கைநிறைய மணலை அள்ளி விரலிடுக்கில் வழியவிட்டுக்கொண்டே மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்ததையும், அப்போது உலகத்தின் இரைச்சல் தமக்கு அடங்கிப்போனதையும் எழுதியிருக்கிறார்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் நான்கு மனநிலைகள் புலப்படுகின்றன. முதலாவது குதூகலம். பிரியமானது வரப்போகிறது என்று தெரிந்தவுடன் கை சிறகடிக்கும், கால் துள்ளும். இரண்டாவது பயமும் நெருக்கடியும். இரைச்சல், கூட்டம், எதிர்பாராத மாறுதல் இவற்றின் நடுவே அசைவு வேகமாகவும் இறுக்கமாகவும் இருக்கும். காதைப் பொத்திக்கொள்வதும் உண்டு. மூன்றாவது சலிப்பும் அசதியும். செய்ய ஒன்றுமில்லாத மத்தியான வேளையில் மெதுவாக, ஒரே தாளத்தில் உடம்பு அசைந்துகொண்டிருக்கும். நான்காவது ஆழ்ந்த கவனம். எதையோ யோசிக்கும்போது விரல்கள் மட்டும் தம்பாட்டில் ஆடும். ஒரே கைதான்; ஆனால் நான்கு பாஷை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மனநிலை அசைவை உண்டாக்குவது மட்டும் அல்ல. அசைவும் மனநிலையை மாற்றுகிறது. அழும் சிசுவைத் தொட்டிலில் போட்டு ஆட்டினால் அடங்குகிறதல்லவா? அந்தத் தொட்டிலைக் குழந்தை தன் உடம்பிலேயே வைத்துக்கொண்டிருக்கிறது என்று எண்ணிக்கொள்ளலாம். மேலும், ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்குத் தம் உள்ளத்தில் எழுந்தது கோபமா, பயமா, பசியா என்று பிரித்துப் பெயரிடுவதே கஷ்டமாயிருக்கிறது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. வாய் பேசத் தெரிந்தவர்களுக்கும் இந்தக் கஷ்டம் உண்டு. மனம் தனக்குப் பெயர் கண்டுபிடிக்கும் முன்னரே கை அதைத் தெரிவித்துவிடுகிறது. ஆகையால் தாய்க்கு மட்டும் அல்ல, அந்தக் குழந்தைக்கே அதன் மனத்தை அறிவிக்கும் முதல் தூதன் அந்தக் கைதான்.

நமது ஊரையே எடுத்துக்கொண்டு பார்ப்போம். ஸ்ரீவைகுண்டத்தில் அப்படி ஒரு பையன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது இந்த ஊரில்தான் இருக்கிறது. அணையைத் தாண்டி ஜலம் வெள்ளைத் திரைபோல் விழுவதைக் காண அவனை அழைத்துப் போகிறார்கள். அவன் இரு கைகளையும் தோளளவு உயர்த்தி உதறுகிறான், முகம் மலர்ந்திருக்கிறது, தொண்டையில் மெல்லிய ரீங்காரம். இது ஆனந்தம். வைகாசியில் ஆழ்வார்திருநகரியில் ஒன்பது பெருமாள்களும் கருட வாகனத்தில் எழுந்தருளும் சேவைக்கு அவனை அழைத்துப் போகிறார்கள். நாகஸ்வரமும் தவிலும் ஒரு பக்கம், வேட்டுச் சத்தம் ஒரு பக்கம், நெரிசல் ஒரு பக்கம். அவன் அதே கைகளைத்தான் உதறுகிறான். ஆனால் முழங்கை மார்போடு ஒட்டியிருக்கிறது, விரல்கள் விறைத்திருக்கின்றன, கண் எங்கேயோ வழி தேடுகிறது. இது அபயக் குரல். கையை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. முகத்தையும் மூச்சையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு இரண்டும் வேறு.

அப்போது என்ன நடக்கிறது? பக்கத்தில் நிற்கும் பெரியம்மை, நல்லெண்ணத்தோடுதான், தாயின் காதில் கிசுகிசுக்கிறாள்: "ஏட்டி, பிள்ளை ஏன் இப்படிக் கையை உதறுதான்? கையைப் பிடி, நாலு பேர் பாக்காங்கள்லா." தாய் வெட்கி, பையனின் மணிக்கட்டுகளை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். கை நின்றுவிட்டது. பயம் நிற்கவில்லை. வெளியே போக இருந்த ஒரே வாய்க்காலும் அடைபட்டதனால், அது உள்ளேயே பொங்கி, இரண்டு நிமிஷத்தில் அலறலாகவும், தலையை மோதிக்கொள்வதாகவும், ஓட்டமாகவும் வெடிக்கிறது. 'திடீரென்று முரண்டு பிடிக்கிறான்' என்று ஊர் சொல்கிறது. திடீரென்று ஒன்றும் நடக்கவில்லை. கை பத்து நிமிஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

கையை அடக்கும் இந்தப் பழக்கம் பாமர ஜனங்களோடு நின்றதென்று நினைக்க வேண்டாம். 1960-களில் காலிபோர்னியா சர்வகலாசாலையில் ஐவார் லோவாஸ் என்ற நிபுணர், இத்தகைய குழந்தைகளின் அசைவுகளையும் ஆத்திரத்தையும் நிறுத்துவதற்காக அதட்டல், அறை, மின்சார அதிர்ச்சி ஆகியவற்றைப் பிரயோகித்தார். 1965-இல் அமெரிக்காவின் பெயர் பெற்ற 'லைப்' பத்திரிகை அந்தக் காட்சிகளைப் படங்களுடன் வெளியிட்டது. குழந்தைகள் வெளிப் பார்வைக்கு 'மற்றவர்களைப் போல்' ஆக வேண்டும் என்பதே அன்றைய லக்ஷ்யம். அப்படி வளர்ந்தவர்களில் பலர் பெரியவர்களான பின்பு வாய் திறந்து சொல்வது ஒன்றே: நாள் முழுவதும் உடம்பை அடக்கிக்கொண்டிருப்பதிலேயே தங்கள் சக்தி செலவாகிவிட்டது; படிப்புக்கும் சிநேகத்துக்கும் மிஞ்சவில்லை என்பதே அது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் செலவை யாரும் கணக்கில் எழுதவில்லை.

ஆயினும் எல்லா அசைவையும் அப்படியே விட்டுவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டால் அதுவும் பொறுப்பற்ற பேச்சாகும். தலையைச் சுவரில் மோதிக்கொள்வது, கையைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வது, கண்ணை விரலால் குத்திக்கொள்வது ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. இவை குழந்தைக்கே தீங்கு. இங்கேயும் முதற்கேள்வி 'எப்படி நிறுத்துவது?' என்பதல்ல, 'எங்கே வலிக்கிறது?' என்பதே. பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், வயிற்று எரிச்சல், பெண் குழந்தைகளுக்கு மாதவிடாய் வேதனை இவற்றை வாயால் சொல்ல முடியாத குழந்தை வேறு எப்படிச் சொல்லும்? நேற்று வரை இல்லாத அசைவு இன்று திடீரென்று தோன்றினாலோ, வழக்கமான அசைவு பன்மடங்கு மிகுந்தாலோ, உடம்பை டாக்டரிடம் காட்டிப் பரிசோதிப்பதே முதற்காரியம். மற்றொன்றும் உண்டு. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. கூப்பிட்டாலும் தொட்டாலும் கவனம் திரும்பாமல், கண் நிலைகுத்தி, அசைவு இடைவிடாமல் நடந்தால் அது வலிப்பாகவும் இருக்கலாம். காலம் தாழ்த்தாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இனி வீட்டில் செய்யக் கூடியது என்ன என்று பார்ப்போம். பணச் செலவில்லாத காரியம் ஒன்று உண்டு. நான்கணா நோட்டுப் புத்தகம் என்று முன்னாளில் சொல்வார்களே, அதுபோல் ஒரு சாதாரண நோட்டுப் போதும். குழந்தையின் அசைவு மிகுந்த வேளையில் மூன்று விஷயங்களை மட்டும் எழுதி வையுங்கள். அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது? அசைவு எப்படி இருந்தது. முகமும் குரலும் எப்படி இருந்தன? எது நடந்த பிறகு அடங்கிற்று? இரண்டு மூன்று வாரம் எழுதிவிட்டு ஒரு நாள் நிதானமாக உட்கார்ந்து படித்துப் பாருங்கள். மிக்ஸி ஓடும்போதெல்லாம், அல்லது அப்பா வெளியூர் போன நாட்களிலெல்லாம், அல்லது பசி வேளைக்குச் சற்று முன்பெல்லாம் என்று ஒரு ஒழுங்கு தெரியவரும். அந்த நோட்டுத்தான் உங்கள் குழந்தையின் அகராதி. வேறு எந்தக் குழந்தையின் அகராதியும் அதற்குப் பயன்படாது. எந்த நிபுணரும் உங்களுக்கு முன்பாக அதை எழுதிவிட முடியாது. டாக்டரிடம் போகும்போது அதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அரைமணி நேரப் பேச்சைவிட அது அவருக்கு அதிகம் உதவும்.

இரண்டாவது, அசைவை விட்டுவிட்டு அதன் காரணத்தைத் தொடுங்கள். கோயிலுக்குக் குழந்தையை அழைத்துப் போகவே கூடாது என்பதில்லை. விசேஷ நாள் கூட்டத்தை விட்டு, சாதாரண நாளில் விடியற்காலையில், பிராகாரம் காலியாக இருக்கும்போது கள்ளபிரான் சந்நிதிக்கோ கைலாசநாதர் சந்நிதிக்கோ அழைத்துப் போகலாம். சத்தத்தைக் குறைக்கும் காதுறைகள் இப்போது கிடைக்கின்றன. எங்கே போகிறோம், யாரைப் பார்ப்போம், எப்போது திரும்புவோம் என்பதை முந்தின நாளே படம் காட்டிச் சொல்லலாம். எதிர்பாராத மாறுதல்தான் இந்தக் குழந்தைகளை அதிகம் வாட்டுகிறது. 2023 டிசம்பரில் பெருமழை கொட்டி, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் வெள்ளத்தின் நடுவே நின்றுவிட்டது. ஏறக்குறைய 800 பிரயாணிகள் வழியின்றித் தவித்தார்கள். பெரியவர்களுக்கே அன்று மனம் தடுமாறிற்று. தினசரி வாழ்க்கையில் உணவுத் தட்டு மாறினாலே உலகம் தலைகீழாகிவிட்டதாக உணரும் குழந்தைக்கு, நாம் சாதாரணமென்று நினைக்கும் மாறுதல்களும் அந்த வெள்ளம் போன்றவையே என்று நினைத்துக்கொண்டால் அதனிடம் நமக்குப் பொறுமை வரும்.

மூன்றாவது, அசைவுக்கு இடம் கொடுங்கள். கூடத்தில் ஓர் ஊஞ்சல், மணலோ அரிசியோ நிரப்பிய ஒரு பாத்திரம், கையில் பிசைய ஒரு மாவுருண்டை, சாயங்காலத்தில் குதிக்க ஒரு முற்றம் என இவை போதும். கடிக்கும் பழக்கம் தீங்காக முற்றினால், 'கடிக்காதே' என்று நிறுத்துவதைவிடக் கடிப்பதற்குத் தக்க வேறு பொருளைக் கொடுப்பது நல்லது. வாய்க்காலை அடைக்காமல் வேறு பக்கம் திருப்பிவிடுவது தாமிரபரணிப் பக்கத்து ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய வித்தை அல்ல. அத்துடன், கை பேசுவதை நீங்கள் வாயால் எடுத்துச் சொல்லுங்கள். "அணைத் தண்ணீரைப் பார்த்துச் சந்தோஷம், இல்லையா?" "வேட்டுச் சத்தம் பயமாயிருக்கிறது. வா, வெளியே போகலாம்." இப்படிச் சொல்லச் சொல்ல, தன் உள்ளத்தில் எழுந்ததற்கு ஒரு பெயர் உண்டென்று குழந்தை அறிந்துகொள்கிறது. வாய்ப் பேச்சு வருமானால் அதற்கும் இது நல்ல விதை. வராவிட்டால், படத்தைச் சுட்டிக் காட்டியோ எழுத்தைத் தொட்டோ தெரிவிப்பதற்கும் இதுவே அடிப்படை.

நேர்ந்துகொள்வதற்கு நாம் குறுக்கே நிற்கவில்லை. செந்தூருக்குப் போய் வாருங்கள். ஆனால் ஐந்து வயது வரை பொறுத்துப் பார்க்கலாம் என்று வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள். எவ்வளவு சீக்கிரம் கவனிக்கிறோமோ அவ்வளவுக்கு நன்மை உண்டு. திருநெல்வேலிப் பக்கத்தில் உதவியே கிடையாது என்றும் எண்ண வேண்டாம். தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே உடல் செயலற்றுப்போன நிலையிலும் தளராத எஸ். ராமகிருஷ்ணன் அவர்கள் 1981-இல் ஆரம்பித்த அமர் சேவா சங்கம், வளர்ச்சியில் பின்தங்கும் சிறு குழந்தைகளுக்கு ஆரம்பத்திலேயே பயிற்சி அளிக்கும் பணியைக் கிராமங்கள் வரை கொண்டு சென்றிருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் தன் 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் அது இடம் பெறவில்லை. இன்று அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்தில் உட்காருவது தலைமை ஆசிரியரின் தயவு அல்ல; அதன் உரிமை. கையை உதறுகிறான் என்பதற்காகக் கடைசி பெஞ்சிக்கோ வீட்டுக்கோ அனுப்ப யாருக்கும் அதிகாரம் இல்லை.

கடைசியாக, வீட்டில் அத்தகைய குழந்தை இல்லாத நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. பாதிப் பாரம் அவர்கள் கையில் இருக்கிறது. தாயின் மனத்தைப் புண்படுத்துவது குழந்தையின் அசைவு அல்ல. அதைப் பார்க்கும் கண்கள். குழந்தையின் கையைப் பெற்றவள் இறுகப் பிடிப்பது கொடுமையினால் அன்று. நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தினால். அந்த நாலு பேர் நாம்தான். நாம் பார்வையைத் திருப்பிக்கொண்டால் அவள் பிடி தளரும். அவள் பிடி தளர்ந்தால் குழந்தையின் பயமும் தளரும். ஆட்டிசத்துக்கு மருந்து கொடுக்க நம்மால் ஆகாது. இந்தக் கூச்சத்துக்கு மருந்து நம்மிடமே இருக்கிறது.

அடுத்த முறை செந்தூர் வண்டியில் எதிர் இருக்கையில் ஒரு சிறுவன் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஓடும் வயல்களைப் பார்த்துக் கைகளைச் சிறகடித்தால், 'என்ன குறை?' என்று கேட்க வேண்டாம். வைத்தியமும் சொல்ல வேண்டாம். அவன் முகத்தை ஒரு கணம் பாருங்கள். சந்தோஷமாயிருந்தால் நீங்களும் சிறிது புன்னகை செய்யுங்கள். கலங்கியிருந்தால் சற்று நகர்ந்து இடம் விடுங்கள்; உங்கள் கைபேசியின் பாட்டை நிறுத்துங்கள். அவன் தாய் உங்களை நன்றியோடு நோக்குவாள்.